புதிதாக வந்த பிள்ளைக்கு வேலையும் வேண்டும், சான்றிதழும் வேண்டும்

ஊரிலிருந்து குடும்பம் லண்டனுக்கு வந்து சேரும்போது ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கவுன்சிலில் விண்ணப்பித்தால் பள்ளிக்கூடம் கிடைக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை நம்மைவிட நன்றாக ஆங்கிலம் பேசும். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் வந்து இறங்கும் பிள்ளையின் நிலைமை வேறு. ஊரில் பத்தாம் வகுப்போ ஓ.எல்.லோ எழுதிவிட்டு வந்திருக்கும். இங்கே அதற்கு என்ன மதிப்பு என்று தெரியாது. ஆங்கிலம் வாசிக்க வரும், பேச நா எழாது. வீட்டிலோ விசாக் கட்டணம், மருத்துவக் கட்டணம், டிக்கெட், வீட்டு முன்பணம் என்று வாங்கிய கடன் நிற்கும். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர், "தம்பியக் கடைக்கு அனுப்புங்க காக்கா. சும்மா இருக்கிறதுக்கு நாலு காசு வருமே" என்பார்.

அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். உழைத்துச் சம்பாதிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்காக இந்த நாட்டில் கட்டணமில்லாமல் திறந்திருக்கும் படிப்பு வாசல் ஒன்று உண்டு. அது குறிப்பிட்ட தேதியில் மூடிவிடும். கடை வேலை அடுத்த வருடமும் கிடைக்கும். ஆகவே இரண்டையும் எப்படிச் சேர்த்துக்கொண்டு போவது என்பதே இந்தப் பாடம். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் மாறும்.

1. பதினாறு வயதோடு படிப்பு முடிவதில்லை

பிறந்தநாளில் 16 நிறைந்ததும் பள்ளிக்கூட வயது முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கணக்கு வேறு. 16 வயது நிறைகிற கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை அந்தப் பிள்ளை கட்டாயப் பள்ளி வயதில்தான் இருக்கிறது. கல்வியாண்டு என்பது செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. நவம்பரில் 16 நிறைந்த பிள்ளை ஜனவரியில் இங்கே வந்தால், ஜூன் கடைசி வரை அதற்குப் பதினோராம் ஆண்டு வகுப்பில் இடம் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகும் 18 வயது நிறையும் வரை மூன்றில் ஒன்றில் பிள்ளை இருந்தாக வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. ஒன்று, பள்ளியிலோ காலேஜிலோ முழுநேரப் படிப்பு. இரண்டு, அப்ரன்டிஸ்ஷிப் எனப்படும் சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி. மூன்று, வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை அல்லது தொண்டுப் பணி, அதோடு பகுதிநேரப் படிப்பு. படிப்பே இல்லாத வேலை இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த விதி பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. உம்மாவோடு டாக்டரிடம் போய் மொழிபெயர்க்கவும், தம்பி தங்கைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரவும் ஒரு பெண்பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது இந்த மூன்றில் எதிலும் சேராது. டாக்டரிடம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். அந்த வேலைக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

"எங்கள் விசாவில் அரசு உதவிப் பணம் கிடையாது என்று எழுதியிருக்கிறதே" என்று சிலர் தயங்குவார்கள். அரசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பது அந்த உதவிகளில் சேராது. தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

2. ஆகஸ்ட் 31 என்ற தேதி

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தத் தேதியை வையுங்கள். முறையான விசாவில் பெற்றோரோடு வந்திருக்கும் பிள்ளைக்கு, கல்வியாண்டு தொடங்கும்போது ஆகஸ்ட் 31 அன்று 19 நிறையாமல் இருந்தால், காலேஜ் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. 19 நிறைந்துவிட்டால் பெரியவர் கணக்கு. அப்போது நாட்டில் மூன்று ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் வந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிய படிப்பு 19 வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் அதை முடிக்க விடுவார்கள். தொடங்கியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஒரு பிள்ளையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2009 மார்ச்சில் பிறந்தவன், 2026 ஜனவரியில் இங்கே வருகிறான். வயது 16 என்றாலும் கட்டாயப் பள்ளி வயது 2025 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2026 ஆகஸ்ட் 31 அன்று அவனுக்கு 17. 2027 ஆகஸ்ட் 31 அன்று 18. 2028 ஆகஸ்ட் 31 அன்று 19. அப்படியானால் அவனுக்குக் கட்டணமில்லாமல் படிப்பைத் தொடங்க மூன்று வாய்ப்புகள்தான்: வந்தவுடன், 2026 செப்டம்பரில், 2027 செப்டம்பரில். "இரண்டு வருடம் வேலை செய்யட்டும், கடன் அடையட்டும், பிறகு படிக்க வைக்கலாம்" என்று வாப்பா முடிவு செய்தால், 2028 ஜனவரியில் மூன்றும் போயிருக்கும்.

உங்கள் பிள்ளையின் பிறந்த தேதியை வைத்து இதே கணக்கை இன்றே போட்டுப் பாருங்கள்.

3. எங்கே போய்க் கேட்பது

கட்டாயப் பள்ளி வயதில் இருக்கும் பிள்ளைக்கு, நீங்கள் வசிக்கும் பகுதிக் கவுன்சிலின் பள்ளிச் சேர்க்கைப் பிரிவில் ஆண்டின் நடுவே சேர்வதற்கான விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்களுக்கு நியூஹாம் கவுன்சில், இல்ஃபோர்டில் இருப்பவர்களுக்கு ரெட்பிரிட்ஜ் கவுன்சில். ஒரு பள்ளிக்கூடம் இடமில்லை என்று சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். கவுன்சிலிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

அந்த வயதைத் தாண்டிய 16 முதல் 18 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருத்தமானது காலேஜ். நியூஹாம் காலேஜ், நியூ சிட்டி காலேஜ் போன்றவற்றில் இந்த வயதினருக்கென்றே ஈசோல் வகுப்பு இருக்கிறது. பிறமொழி பேசுவோருக்கான ஆங்கில வகுப்பைத்தான் ஈசோல் என்கிறார்கள். பெரிய சேர்க்கை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கும். சில காலேஜ்களில் ஜனவரியிலும் சேர்த்துக்கொள்வார்கள். போகும்போது பாஸ்போர்ட், விசா விவரம், முகவரிக்கான ஆதாரம், ஊர்ப் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

அங்கே ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். பேச்சு வராததால் ஆங்கிலத்தில் பிள்ளை கீழ் நிலையில் விழலாம். "என் மகன் பத்தாவதில் ஐந்நூறுக்கு நானூற்று இருபது எடுத்தவன், இங்கே ஏபிசிடி வகுப்பில் போடுகிறார்கள்" என்று வாப்பா வருந்துவார். பிள்ளை அதைவிட அதிகமாக வருந்தும், வெளியே சொல்லாது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அதைக் கேலியாகவோ குறையாகவோ பேச வேண்டாம். அந்த வகுப்பு அளப்பது இன்றைக்குப் பிள்ளைக்கு இருக்கும் ஆங்கிலத்தை மட்டும். முன்னேறினால் மேல் நிலைக்கு மாற்றுவார்கள்.

காலேஜில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஈசோலோடு சேர்த்து ஜி.சி.எஸ்.இ. கணக்கும் எழுத முடியுமா?" ஊரில் கணக்கு நன்றாகப் போட்ட பிள்ளை ஆங்கிலம் முழுவதும் வரும்வரை கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் பல இடங்களில் வழி செய்வார்கள். கேட்காவிட்டால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

முழுநேரப் படிப்பு என்றாலும் காலேஜில் பெரும்பாலும் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள்தான் வகுப்பு இருக்கும். லண்டனில் படிக்கும் இந்த வயதுப் பிள்ளைக்குப் பஸ்ஸில் இலவசமாகப் போகும் ஜிப் ஆய்ஸ்டர் அட்டை உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் காலேஜே கொடுக்கும் பர்சரி உதவித்தொகையும் இருக்கிறது. இரண்டையும் சேரும் நாளிலேயே கேளுங்கள்.

4. சான்றிதழ்ப் படிக்கட்டு

இங்கே சான்றிதழ்களை லெவல் என்ற படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அடியில் என்ட்ரி 1, 2, 3. அதற்கு மேல் லெவல் 1, லெவல் 2, லெவல் 3. ஜி.சி.எஸ்.இ.யில் 9 முதல் 1 வரை தரம் கொடுப்பார்கள், 9தான் உயர்ந்தது. 4 எடுத்தால் பாஸ், அது லெவல் 2. மூன்றும் அதற்குக் கீழும் லெவல் 1. ஏ லெவலும் பிடெக்கின் மேல்நிலைப் படிப்புகளும் லெவல் 3. அங்கிருந்துதான் பல்கலைக்கழகம்.

ஆங்கிலத்திலும் கணக்கிலும் தரம் 4 என்பதுதான் எல்லாக் கதவுக்கும் முதல் சாவி. ஆசிரியர் பயிற்சிக்கு அது கட்டாயம். நர்ஸிங் படிப்புக்கும் வழக்கமாகக் கேட்பார்கள். நல்ல அப்ரன்டிஸ்ஷிப் இடங்களிலும் கேட்பார்கள். 16 முதல் 18 வரை உள்ள பிள்ளை இந்த இரண்டிலும் 4 எடுக்கவில்லை என்றால் காலேஜில் அதைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். முதல் முறை குறைந்த மதிப்பெண் வந்தால் மனம் உடைய வேண்டாம். இந்த இரண்டு பாடத்துக்கும் நவம்பரில் மறுதேர்வு உண்டு.

ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்று இன்னொரு தேர்வும் இருக்கிறது. அன்றாட வேலைக்குத் தேவையான ஆங்கிலமும் கணக்கும் அதில் வரும். வருடத்தின் பல நேரங்களில் எழுதலாம். அதன் லெவல் 2 பல வேலைகளுக்குப் போதும். ஏ லெவலோ பல்கலைக்கழகமோ மனதில் இருந்தால் ஜி.சி.எஸ்.இ.தான் நல்லது.

இரண்டு இடங்களில் பணம் வீணாகிறது. முதலாவது, ஐ.ஈ.எல்.டி.எஸ். பயிற்சி. அது விசாவுக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வு. பள்ளிச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. இரண்டாவது, "ஒரே வாரத்தில் லெவல் 2" என்று போனில் வரும் விளம்பரம். லெவல் என்பது கடினத்தைக் காட்டுகிறது, அளவைக் காட்டுவதில்லை. ஒரே நாளில் முடியும் உணவுச் சுகாதாரப் படிப்பும் லெவல் 2தான். உணவகத்தில் வேலை தேடும் பிள்ளைக்கு அது பயன்படும், ஆனால் ஜி.சி.எஸ்.இ.க்குப் பதிலாக நிற்காது. எந்தச் சான்றிதழுக்கும் பணம் கட்டும் முன், அது ஆஃப்குவல் என்ற அரசு அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள்.

5. ஊர்ச் சான்றிதழும் பெயர் எழுத்தும்

ஊரில் எழுதிய பரீட்சையை வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்று யூ.கே. எனிக் என்ற அமைப்பு கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும். பணம் கட்டுவதற்கு முன் காலேஜில் கேளுங்கள். சில இடங்களில் சான்றிதழையே பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். மற்ற பாடங்களை ஏற்றாலும் ஆங்கிலத்தை மட்டும் மறுபடி எழுதச் சொல்வது வழக்கம்.

நம் பிள்ளைகளுக்குத் தனியாக வரும் சிக்கல் பெயரில் இருக்கிறது. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஊர்ச் சான்றிதழில் முன்னெழுத்தும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். சில பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். காலேஜில் சேர்க்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி பதியச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, வேலை விண்ணப்பம், தேர்வுப் பதிவு எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கட்டும். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது செலவும் அலைச்சலும்.

6. வேலை: எவ்வளவு, எப்படி

முதலில் பிள்ளையின் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அது ஈ-விசாவில் இருக்கும். வேலை கொடுப்பவருக்குக் காட்ட அந்தக் கணக்கிலிருந்து ஷேர் கோட் எடுக்க வேண்டும். அது 90 நாள் செல்லும். 16 வயதானதும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. இதற்கு இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேலை செய்யும் உரிமையைக் காட்ட முடிந்தால் எண் வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம்.

கட்டாயப் பள்ளி வயதில் இருக்கும் பிள்ளையை வேலைக்கு வைக்கக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். பள்ளி நடக்கும் காலத்தில் வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளி நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இரண்டு மணி நேரம்தான். காலை 7 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூடாது.

அந்த வயதைத் தாண்டி 18 நிறையாத பிள்ளைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணிதான் உச்ச வரம்பு. நாலரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் விடுப்பு. கடையோ உணவகமோ, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரை அந்தப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில் உணவு டெலிவரி ஓட்டுவதைப் பையன்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பிடிபட்டால் விசாவுக்கே ஆபத்து.

2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி, பள்ளி வயது தாண்டி 18 நிறையாதவருக்கு மணிக்கு 8 பவுண்ட். 18 முதல் 20 வரை 10.85 பவுண்ட். 21 முதல் 12.71 பவுண்ட்.

வேலை தேடும்போது நம் ஊர் பயோடேட்டாவைக் கொடுக்காதீர்கள். இங்கே புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், மதம் எதுவும் எழுதுவதில்லை. ஒரே பக்கத்தில் என்ன படிக்கிறது, என்ன செய்யத் தெரியும், எந்த மொழிகள் தெரியும், எந்த நாட்களில் வர முடியும் என்று எழுதினால் போதும். பிள்ளையைப் பற்றி நல்ல வார்த்தை எழுதித் தர உறவினர் அல்லாத இருவர் வேண்டும். காலேஜ் ஆசிரியர் ஒருவர், மதரஸா உஸ்தாத் ஒருவர் இருக்கலாம். முன் அனுபவம் இல்லையென்றால் ஒரு தொண்டு நிறுவனக் கடையிலோ உணவு வங்கியிலோ சனிக்கிழமைகளில் மூன்று மாதம் உதவி செய்யட்டும். ஆங்கிலப் பேச்சும் பழகும், பெயர் சொல்ல ஒருவரும் கிடைப்பார். ஜுமுஆவுக்கு நேரம் வேண்டுமென்றால் வேலையில் சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது.

7. கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் வேலை பெரும்பாலும் நம்மவர் கடையில்தான் கிடைக்கிறது. அது பெரிய உதவி. அந்த உதவி முழுமையாக இருக்க வேண்டுமென்றால் கூலியைக் கணக்கில் காட்டிக் கொடுங்கள், பே ஸ்லிப் கொடுங்கள். கையில் காசாக வாங்கிய பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்து "நான் வேலை செய்தேன்" என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. "நம்ம மச்சான் மகன்தானே" என்று கூலியைக் குறைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. முதலாளியின் வீட்டிலேயே குடும்பத்தில் ஒருவராக வாழ்பவருக்குத்தான் விலக்கு. வேலை உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் முறையே 45,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். ஷேர் கோடைச் சரிபார்ப்பது உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறோம். தேர்வு நடக்கும் மே, ஜூன் மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். காலேஜ் நாளில் "இன்னைக்கு ஆளில்லை, வந்துடு தம்பி" என்று போன் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளையால் உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

8. பணத்தைப் பேசுவோம்

17 வயதுப் பையன் வாரம் 40 மணி நேரம் நின்றால் 320 பவுண்ட். காலேஜில் படித்துக்கொண்டு வார இறுதியில் 12 மணி நேரம் நின்றால் 96 பவுண்ட். வாரம் 224 பவுண்ட் குறைகிறது. கடன் உள்ள வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. அதை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 21 வயதில் சான்றிதழ் இல்லாதவனுக்குக் கிடைப்பது அந்தக் குறைந்தபட்சக் கூலிதான். முப்பது வயதிலும் பெரும்பாலும் அதுதான். நம் உதாரணப் பையன் 2026இல் ஈசோலும் கணக்கும், 2026-27இல் ஒரு தொழில் படிப்போடு ஆங்கிலமும் கணக்கும், 2027 செப்டம்பரில் அடுத்த படி என்று போனால், 19 வயதுக்குள் கையில் இரண்டு ஜி.சி.எஸ்.இ.யும் ஒரு தொழில் சான்றிதழும் இரண்டு வருட பே ஸ்லிப்பும் இருக்கும், இன்ஷா அல்லாஹ். எலக்ட்ரீஷியனோ, நர்ஸோ, அக்கவுண்டன்டோ, அதற்கான வழி அங்கிருந்து திறக்கும். கடன் கொடுத்தவரிடம் வாப்பா போய் இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கலாம். ஆகஸ்ட் 31இடம் தவணை கேட்க முடியாது.

அப்ரன்டிஸ்ஷிப்பில் சம்பளமும் படிப்பும் சேர்ந்து வருவது உண்மை. ஆனால் அதற்கும் பொதுவாக மூன்று ஆண்டு வசிப்புக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்கான அரசுக் கடனுக்கும் வசிப்புக் காலமும் விசா நிலையும் பார்ப்பார்கள். வந்த தேதியிலிருந்து வாடகை ஒப்பந்தம், காலேஜ் கடிதம், டாக்டர் பதிவுக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 19 வயதைத் தாண்டி வந்தவர்களுக்கும் மாலை வகுப்புகளும் பல்கலைக்கழகத்துக்கான ஆக்சஸ் படிப்பும் இருக்கின்றன. வழி நீளம், அவ்வளவுதான். 13 வயதுக்கு மேற்பட்ட யாரும் நேஷனல் கேரியர்ஸ் சர்வீஸில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் உட்கார்ந்து பேச

இந்த வாரம் பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பேசுங்கள். விடைகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

1. அடுத்து வரும் ஒவ்வொரு ஆகஸ்ட் 31 அன்றும் பிள்ளைக்கு என்ன வயது? எத்தனை வாய்ப்பு மிச்சம்?

2. பாஸ்போர்ட், ஊர்ச் சான்றிதழ், ஈ-விசா மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா?

3. ஆங்கிலம், கணக்கு இரண்டில் எதை முதலில் முடிக்கலாம்?

4. வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தால் படிப்புக் கெடாது? அந்த எண்ணைப் பிள்ளையே சொல்லட்டும்.

5. பிள்ளை கொண்டுவரும் பணத்தில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு பிள்ளையின் கையில்?

6. ஊரில் இருந்தபோது என்னவாக வேண்டும் என்று பிள்ளை நினைத்தது? இங்கே வந்த பிறகு அதை யாராவது கேட்டோமா?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளை உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். காத்திருங்கள். அந்தப் பதில் கிடைத்த பிறகு காலேஜுக்குப் போனால், எந்தப் படிப்பு என்று அங்கே கேட்கும்போது பிள்ளையே வாய் திறந்து சொல்லும்.